வாழையும் வாளையும்: ஆசிரியர் பயிற்சியில் ‘பிராட்’

எங்கள் பக்கம் வாளை என்றால் மீன். தூத்துக்குடி மாவட்டத்தின் தென்கோடியில், கடலை ஒட்டிய ஊர்கள். பேச்சில் வாழைக்கும் வாளைக்கும் வித்தியாசம் கிடையாது, இரண்டுமே ‘வாளை’தான். சந்தையில் இதனால் யாருக்கும் குழப்பம் வந்ததில்லை. எந்தக் கூடையைக் கை காட்டுகிறார்கள் என்று பார்த்தாலே போதும். குழப்பமெல்லாம் மூன்றாம் வகுப்பில், சொல்வதை எழுதும் நேரத்தில் வருகிறது. ‘பளம்’, ‘மளை’, ‘கிளமை’ என்று நோட்டு நிறைய எழுதியிருப்பார்கள். டீச்சர் சிவப்பு மையால் சுழித்துக்கொண்டே போவார்.

நான் வட்டார வள மையத்தில் ஆசிரியர் பயிற்றுநராக இருக்கிறேன். அதற்கு முன் பதினான்கு வருடம் தமிழாசிரியை. குறுவள மையக் கூட்டங்களில் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு வாசிப்பு, எழுத்து, உச்சரிப்பு என்று பயிற்சி கொடுப்பது என் வேலை. உச்சரிப்பில்தான் ரொம்ப நாள் திணறினேன். ‘நாக்கை மடித்துச் சொல்லுங்கள்’ என்று எத்தனை தடவை சொன்னாலும், கேட்கிறவர் தான் சரியாகத்தான் சொல்கிறோம் என்று நம்புகிறார். அவருடைய காது அவருடைய ஊரில் பழகிய காது. நான் ‘இல்லை டீச்சர், நீங்கள் ளகரம் சொல்கிறீர்கள்’ என்றால் மனம் வருந்துகிறது. முப்பது பேர் முன்னால் சொன்னால் இன்னும் அதிகம் வருந்துகிறது.

இதற்கு முன் இரண்டு வழிகள் பார்த்தேன். ஒன்று, இணையவழிப் பயிற்சி. ஒரு மணி நேரம் வீடியோ, கடைசியில் பத்துக் கேள்வி, சான்றிதழ். வீடியோவை ஓட விட்டுச் சமையல் முடித்தவர்களும் சான்றிதழ் வாங்கினார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வாயைத் திறக்கவே வேலையில்லாத உச்சரிப்புப் பயிற்சி அது. இன்னொன்று, சத்தமாக வாசித்தால் நட்சத்திரம் கொடுக்கும் ஒரு செயலி. அதில் வேண்டுமென்றே ‘பளம்’ என்று சொல்லிப் பார்த்தேன், நட்சத்திரம் விழுந்தது. ‘பயம்’ என்று சென்னைப் பேச்சில் சொன்னேன், அதற்கும் இரண்டு தடவையில் ஒரு தடவை விழுந்தது. ஏனென்று பிறகுதான் புரிந்தது. பேச்சைப் புரிந்துகொள்ளும் பொறிகள் தேடுவது சொல்லை. ‘பளம்’ என்று ஒரு சொல் வழக்கில் இல்லை, முன்னும் பின்னும் இருக்கும் சொற்களைப் பார்த்தால் ‘பழம்’தான் பொருந்துகிறது, ஆகவே பழம் என்று எடுத்துக்கொள்கின்றன. குழந்தை வாசிக்கப் பழக அந்தத் தாராளம் நல்லதுதான். ஆசிரியருக்குத் தன் நாக்கு எங்கே போகிறது என்று தெரிய வேண்டும். அதற்கு அது உதவாது.

அப்புறம்தான் குரலைப் பதிவு செய்து படமாகக் காட்டும் ‘பிராட்’ என்ற கணினி மென்பொருள் கைக்கு வந்தது. மொழியியல் படித்த என் தம்பி மகன் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தான். ‘அத்தை, இது மார்க் போடாது, காட்டும்’ என்றான். ஒரு வருடம் கழித்து யோசித்தாலும் அவன் சொன்னதைவிடச் சரியான விமர்சனம் எனக்கு வரவில்லை.

பிராட் என்றால் டச்சு மொழியில் ‘பேசு’. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் பூர்ஸ்மா, டேவிட் வேனிங்க் என்ற இருவர் உருவாக்கியது. உலகம் முழுக்க ஒலியியல் ஆய்வாளர்கள் வைத்திருக்கும் கருவி. ஆசிரியர் பயிற்சிக்கென்று யாரும் செய்ததில்லை. முழுக்க இலவசம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். நிறுவவே தேவையில்லை என்பது பள்ளிக்கூடங்களுக்குப் பெரிய வசதி. விண்டோஸில் ஒரே ஒரு கோப்புதான், பென் டிரைவிலிருந்தே திறந்துகொள்ளலாம். கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது என்று தேடி அலைய வேண்டாம். இணையமும் வேண்டாம். பதிவு செய்த குரல் அந்தக் கணினியை விட்டு எங்கேயும் போகாது. பிள்ளைகளின் குரல் இருக்கும் பதிவுகளுக்கு இதை முக்கியமாகப் பார்க்கிறேன். தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டுப் பதிவு செய்வது, கூட்டம் முடிந்ததும் அழித்துவிடுவது என்று வழக்கம் வைத்திருக்கிறோம்.

திறந்ததும் இரண்டு சன்னல்கள் வரும். படம் வரையும் சன்னல் நமக்குத் தேவைப்படாது, மூடிவிடலாம். மற்றதில் பதிவு செய்து, ‘வியூ அண்ட் எடிட்’ பொத்தானை அழுத்தினால் குரல் படமாக விரியும். மேலே அலை, கீழே சாம்பலும் கறுப்புமாக ஒரு படம். இடமிருந்து வலம் நேரம், கீழிருந்து மேல் அதிர்வெண். குரல் எங்கே வலுவாக இருக்கிறதோ அங்கே கறுப்பாக இருக்கும். உயிரெழுத்துகளில் இந்தக் கறுப்பு தனித்தனிப் பட்டைகளாகப் படுத்திருக்கும். ஃபார்மன்ட் என்பது இந்தப் பட்டைகளின் பெயர். கீழிருந்து எண்ணினால் முதலாவது, இரண்டாவது, மூன்றாவது. ழகரத்தின் சங்கதி முழுக்க மூன்றாவது பட்டையில் இருக்கிறது.

முதல் கூட்டத்தில் தானாக முன்வந்தவர், ஓய்வு பெற இன்னும் ஒன்றரை வருடம் இருந்த ஒரு தலைமையாசிரியை. ‘எனக்கு ழகரம் சுத்தமா வரும், பதிவு பண்ணுங்க டீச்சர்’ என்றார். தனித்தனியாக மூன்று சொற்கள் சொன்னார். உண்மையாகவே சுத்தம். ‘மழை’ என்று அவர் சொன்னதைத் திரையில் போட்டேன். அகரத்தில் 2,700 ஹெர்ட்ஸ் பக்கம் இருந்த மூன்றாம் பட்டை, ழகரம் வந்ததும் வழுக்கிக்கொண்டு 1,900 பக்கம் இறங்கி, இரண்டாம் பட்டையைத் தொடப்போவதுபோல் நெருங்கி, மறுபடி ஏறியது. எங்கேயும் வெட்டு இல்லை. நாக்கின் நுனி மேலே வளைந்து அண்ணத்தை வருட ழகரம் பிறக்கும் என்ற தொல்காப்பிய விதியை அறையில் இருந்த எல்லோரும் எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள்தான். அந்த ‘வருட’ என்ற சொல்லை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தோம்.

பிறகு அவரிடம், வகுப்பில் சொல்வதை எழுதுதல் எப்படி நடத்துவீர்களோ அப்படியே நடத்துங்கள் என்றேன். மற்ற ஆசிரியர்கள் பிள்ளைகளாக உட்கார்ந்து எழுதினார்கள். அவர் நடந்துகொண்டே எட்டுச் சொற்கள் சொன்னார். வாழை, பழம், மழை, கிழமை, குழந்தை, தாழ்ப்பாள், உழவர், எழுத்து. ஒவ்வொன்றையும் இரண்டு தடவை, வழக்கமான வேகத்தில். பதிவைத் திறந்தோம். முதல் மூன்றிலும் அதே வழுக்கல். நான்காவது ‘கிழமை’யில் பட்டை இறங்கவில்லை. அதற்குப் பதில் பட்டைகள் சட்டென்று மங்கி, கத்தியால் கீறியதுபோல் ஓரம் விழுந்து, உயிர் திரும்பும் இடத்தில் மறுபடி சட்டென்று கறுத்தன. அது ளகரம். நாக்கு அண்ணத்தைத் தொட்டு, காற்று பக்கவாட்டில் போனதற்கான அடையாளம். அதற்குப் பிறகு வந்த நான்கு சொற்களிலும் அப்படியே.

யாரும் எதுவும் சொல்லவில்லை. அவர் எழுந்து வந்து, தேர்ந்தெடுத்த பகுதியை ஒலிக்க வைக்கும் டேப் விசையைத் தானே அழுத்தினார். ‘மழை’யையும் ‘கிழமை’யையும் மாற்றி மாற்றி ஏழெட்டுத் தடவை கேட்டிருப்பார். கண்ணால் பார்த்த பிறகு காதுக்கும் கேட்கத் தொடங்கிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து, ‘பிள்ளைங்க நான் சொன்னதைத்தானே எழுதியிருக்கு. அதைப் போய்ச் சுழிச்சு வச்சிருக்கேனே’ என்றார்.

அன்றைக்கு அவர் சொன்னதை நான் மறக்கவே இல்லை. இத்தனை வருடமும் பிள்ளைகளின் பிழை என்று நாங்கள் கணக்கெடுத்து அறிக்கை எழுதியதில் எவ்வளவு எங்கள் வாயிலிருந்து வந்தது என்று யோசித்தேன். நிதானமாகச் சொல்லும்போது வரும் ழகரம், வேலையில் மூழ்கியதும் ஊர்ப்பேச்சுக்குத் திரும்பிவிடுகிறது. தனிச்சொல் பயிற்சியால் இது தீராது, பாடம் நடத்தும் வேகத்தில் பதிவு செய்து பார்த்தால்தான் பிடிபடும். அந்த வருடம் முழுக்க என் பயிற்சித் திட்டத்தை இப்படி மாற்றிக்கொண்டேன்.

இளைய ஆசிரியை ஒருவர் அப்போதே நல்ல கேள்வி கேட்டார். ‘எங்க ஆச்சி வாளைப்பளம்னுதான் சொல்லுவாங்க. அது தப்பா டீச்சர்?’ தப்பில்லை என்றேன். தெற்கே ழகரம் ளகரமாகிறது, சென்னைப் பக்கம் யகரமாகிறது, யாழ்ப்பாணத்திலும் பேச்சில் ளகரம்தான் பெரும்பாலும். வீட்டுப் பேச்சு வீட்டில் இருக்கட்டும். எழுத்தைக் கற்றுக்கொடுக்கும் அந்தப் பத்து நிமிடம் மட்டும், எழுத்துக்குரிய ஒலி ஆசிரியர் வாயிலிருந்து வந்தாக வேண்டும். இல்லாவிட்டால் ழகரம் என்ற ஒன்று இருப்பதையே அந்தப் பிள்ளை எங்கிருந்து தெரிந்துகொள்ளும்? கருவி சரி, தவறு என்று தீர்ப்புச் சொல்லியிருந்தால் இந்தப் பேச்சு நடந்திருக்காது என்பது என் எண்ணம். ‘இங்கே பட்டை இறங்குகிறது, இங்கே இறங்கவில்லை’ என்று மட்டும் காட்டியதால், அதற்கு என்ன அர்த்தம் என்று நாங்களே உட்கார்ந்து பேசினோம்.

ரகர றகரத்தில் வேறு மாதிரி நடந்தது. எங்களில் ஒருவர் கன்னியாகுமரி மாவட்டத்து விளவங்கோட்டுக்காரர், திருமணமாகி இந்தப் பக்கம் வந்தவர். ‘கரை’, ‘கறை’ என்று எல்லோரையும் சொல்ல வைத்தோம். ரகரத்தில் நாக்கு ஒரு முறை தட்டும். படத்தில் ஒரு மெல்லிய வெள்ளைக் கீற்று, வினாடியில் முப்பது நாற்பதில் ஒரு பங்கு. எங்கள் எல்லோருக்கும் இரண்டு சொல்லிலும் ஒரே ஒரு கீற்று. அவருடைய ‘கறை’யில் மட்டும் மூன்று கீற்றுகள், வேலிக்கம்பு நட்டதுபோல் வரிசையாக. குமரிப் பக்கமும் ஈழத்திலும் இந்த வேறுபாடு பேச்சில் இன்னும் உயிரோடு இருக்கிறது என்று படித்திருந்தேன், பக்கத்து நாற்காலியிலேயே பார்ப்பேன் என்று நினைக்கவில்லை. ‘எங்க ஊர்ப் பேச்சை இங்க வந்த புதுசுல கிண்டல் பண்ணுவாங்க’ என்றார் அவர், திரையைப் பார்த்தபடி. அன்றைக்கு அவரைத்தான் எல்லோரும் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னார்கள்.

ஆனாலும் றகரத்தை எல்லா ஆசிரியர்களும் உருட்டிச் சொல்ல வேண்டும் என்று நான் பயிற்சி கொடுக்கவில்லை. நம் பகுதியில் அது பேச்சிலிருந்து போய்விட்டது, வகுப்பில் மட்டும் சொன்னால் பிள்ளைகளுக்கு நாடகம்போல் இருக்கும். அங்கே ‘கடற்கரை’, ‘துணியில் கறை’ என்று பொருளோடு சேர்த்துச் சொல்லும்படி முடிவு செய்தோம். எதைத் திருத்த வேண்டும், எதை விட்டுவிட வேண்டும் என்று பிரித்துப் பார்ப்பதற்கும் படம் உதவியது.

1999-இல் அமெரிக்க ஒலியியல் கழக ஆய்விதழில் ஸ்ரீகாந்த் நாராயணன், டானி பர்ட், அபிகெய்ல் கௌன் மூவரும் தமிழின் ர, ற, ல, ள, ழ ஐந்தையும் எம்.ஆர்.ஐ. படமெடுத்து, நாக்கின் வடிவத்தையும் ஒலியையும் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். எம்.ஆர்.ஐ. நமக்கு எட்டாது. அவர்கள் ஒலியில் பார்த்ததில் ஒரு பகுதியையாவது அறுநூறு ரூபாய் ஹெட்செட்டும் பழைய லேப்டாப்பும் வைத்துக் குறுவள மையத்தில் பார்க்க முடிகிறது.

உச்சரிப்பைத் தாண்டி, நான் எதிர்பாராத ஒரு பயனும் கிடைத்தது. அமைதியை அளப்பது. மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970களில் வகுப்பறைப் பதிவுகளைக் கேட்டு, கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு வினாடிதான் காத்திருக்கிறார்கள், அதை மூன்று வினாடியாக்கினால் பிள்ளைகளின் பதில் நீளமாகிறது என்று காட்டினார். பயிற்சிகளில் இதை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன், எல்லோரும் தலையாட்டுவார்கள். பிராட்டில் கேள்வியின் முடிவிலிருந்து அடுத்த குரலின் தொடக்கம் வரை இழுத்துத் தேர்ந்தெடுத்தால் எத்தனை வினாடி என்று எழுதிவிடும். ஒரு ஆசிரியையின் பதிவில் ‘நரி ஏன் அப்படிச் சொல்லுச்சு?’ என்ற கேள்விக்கும், அவரே சொன்ன பதிலுக்கும் நடுவே 0.8 வினாடி. அடுத்த கேள்விக்கு 0.6. அதன் பக்கத்தில் மூன்று வினாடி அமைதியைப் பிடித்துக் காட்டினேன். ‘இவ்வளவு நேரமா?’ என்று அசந்துவிட்டார். அடுத்த மாதம் கொண்டு வந்த பதிவில் அந்த இடைவெளி இரண்டரை வினாடி இருந்தது, முடிவில் ஒரு பையனின் குரல், ஒரு முழு வாக்கியம். அந்தக் குரலை எங்களுக்குப் போட்டுக் காட்ட அவருக்கு அவ்வளவு ஆசை.

குறைகளையும் சொல்ல வேண்டும். மெனு எல்லாம் ஆங்கிலம், அதுவும் ஆய்வாளர் ஆங்கிலம். எனக்குப் பிடிபட மூன்று நான்கு நாள் மாலை நேரம் ஆனது. ஆசிரியர்களுக்கு ஐந்தே ஐந்து படிகளைத் தமிழில் எழுதி, லேப்டாப்பின் ஓரத்தில் ஒட்டியிருக்கிறேன், அதற்கு மேல் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. பத்து வினாடிக்கு மேற்பட்ட பகுதி திரையில் இருந்தால் அந்தக் கறுப்புப் படம் வராது. புதியவர்கள் ஏதோ கெட்டுவிட்டது என்று பயப்படுவார்கள், உருப்பெருக்கிச் சிறிய பகுதிக்குப் போனால் வந்துவிடும். பதிவைத் தனியாகச் சேமிக்காமல் மூடினால் போய்விடும்.

சிவப்புப் புள்ளிகளை அப்படியே நம்பக் கூடாது என்பது இன்னும் முக்கியம். பட்டைகள் எங்கே இருக்கின்றன என்று கணித்து மென்பொருள் சிவப்புப் புள்ளி வைக்கும், எஃப்3 விசையை அழுத்தினால் மூன்றாம் பட்டையின் அளவையும் சொல்லும். ஆனால் அதன் இயல்பான அமைப்பு பெண் குரலுக்கானது, பட்டைகளைத் தேடும் உச்சவரம்பு 5,500 ஹெர்ட்ஸ். ஆண் குரலுக்கு அதை 5,000 என்று மாற்ற வேண்டும், சிறு பிள்ளைகளுக்கு இன்னும் உயர்த்த வேண்டும். மாற்றாவிட்டால் புள்ளிகள் தாறுமாறாகத் துள்ளும். ழகரத்தில் இரண்டாவதும் மூன்றாவதும் நெருங்கும்போது, இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்வதும் உண்டு. அதனால் எண்ணைப் பிறகு பாருங்கள், முதலில் கறுப்புப் பட்டையைப் பாருங்கள் என்று சொல்லிக்கொடுக்கிறேன்.

மின்விசிறியை அணைத்துத்தான் பதிவு செய்ய வேண்டும். மே மாதத்தில் எங்கள் ஊரில் அது லேசான காரியமில்லை. வாட்ஸப் குரல்பதிவு இதற்கு ஒத்துவராது. அனுப்பும்போதே சுருக்கிவிடுவதால் நுணுக்கங்கள் மங்கிப்போகின்றன. போனில் வேவ் கோப்பாகப் பதிவு செய்து, கேபிள் மூலம் மாற்றிக்கொள்கிறோம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, போனில் ஓடாது என்பது. எங்கள் வட்டாரத்தில் போன் இல்லாத ஆசிரியர் இல்லை, லேப்டாப் வைத்திருப்பவர் பாதிப் பேர்கூட இல்லை. வீட்டில் தனியாகச் சொல்லிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறவருக்கு அடுத்த கூட்டம் வரை காத்திருக்கத்தான் வேண்டியிருக்கிறது. வேலை நடுவில் நின்றுவிடுகிறது, ஆர்வம் ஆறிவிடுகிறது.

மொழியாசிரியர் பயிற்சி கொடுப்பவர் யாராக இருந்தாலும், ஒரு மாதம் இதோடு உட்கார்ந்து பாருங்கள் என்று சொல்வேன். ஒரு நிபந்தனை. முதலில் உங்கள் சொந்தக் குரலைப் பதிவு செய்து, எல்லோர் முன்னாலும் போட்டுக் காட்டுங்கள். என்னுடைய ‘தாழ்ப்பாள்’ வேகத்தில் ‘தாள்ப்பாள்’ ஆவதை முதலில் நான் காட்டிய பிறகுதான் அந்தத் தலைமையாசிரியை முன்வந்தார்.

இப்போது நடுநிலைப் பள்ளித் தமிழாசிரியர் ஒருவர் இதை எங்களுக்கு மேலே கொண்டுபோய்விட்டார். குற்றியலுகரம் அரை மாத்திரை என்று சொல்லிக்கொடுக்கிறோமே, உண்மையா என்று அளந்து பார்த்திருக்கிறார். ‘நாடு’ என்று தனியாகச் சொன்னால் கடைசி உகரம் நீண்டுதான் வந்தது, ‘நடு’வின் உகரத்துக்குக் குறைவில்லை. ஏமாற்றமாக இருந்ததாம். பிறகு ‘நாடு வளம் பெறும்’ என்று வாக்கியத்தில் சொன்னால் சுருங்கிவிட்டது. சொல்லின் இறுதியில் மூச்சு விடும்போது எந்த உயிரும் நீளும், ஆகவே வாக்கியத்துக்குள் வைத்து அளந்தால்தான் ஒப்பிட முடியும் என்று அவரே கண்டுபிடித்து, ஏழாம் வகுப்பில் பாடமாக நடத்தியிருக்கிறார். அடுத்த கூட்டத்துக்கு ஆய்தத்தை அளந்து கொண்டுவருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். ‘அஃது’, ‘எஃகு’ இரண்டையும் வாக்கியத்தில் வைத்துப் பதிவு செய்ய எட்டுப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தாயிற்றாம்.